காது கொடுத்த கணக்கு

இராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்தையும் திருப்பாலைக்குடியையும் கடந்தால் உப்பூர். வெயிலுகந்த விநாயகர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இலங்கைக்குப் புறப்படும் முன் இராமன் இங்கே வணங்கினான் என்பது தலபுராணம். வருகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி, தேங்காய் உடைத்து, அரை மணி நேரத்தில் இராமேசுவரம் பக்கம் கிளம்பிவிடுவார்கள். ஆனால் பத்திரிகைகள் சில ஆண்டுகள் விடாமல் இந்த ஊரின் பெயரை அச்சிட்டது பிள்ளையாருக்காக அல்ல. அங்கே வருவதாக இருந்த அனல்மின் நிலையத்துக்காக.

தலா 800 மெகாவாட்டில் இரண்டு அலகுகள், மொத்தம் 1,600 மெகாவாட். தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தின் பெரிய திட்டங்களில் ஒன்று. மதிப்பீடு 12,000 கோடி ரூபாய்க்கு மேல். முதன்மை இயந்திரப் பணிகளுக்கான ஆணை 2016-இல் பெல் நிறுவனத்துக்குப் போனது. உப்பூர், வளமாவூர், திருப்பாலைக்குடி கிராமங்களில் இடம் ஒதுக்கி வேலையும் தொடங்கியாயிற்று. கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருந்த விவசாயிகள் நீர்வழிகள் அடைபடும் என்றார்கள். கடல்நீரை எடுக்கவும் பயன்படுத்திய நீரை வெளியேற்றவும் கடலுக்குள் கட்டுமானம் போகும் என்று தெரிந்தபோது மோர்ப்பண்ணை மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. 2021 மார்ச்சில் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் திட்டத்தை உப்பூரிலிருந்து உடன்குடிப் பக்கம் மாற்றும் முடிவு வந்தது.

பணியிடத்தில் மென்திறன்களின் மதிப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டு அனல்மின் நிலையத்தில் தொடங்குவானேன் என்று வாசகருக்குத் தோன்றலாம். மென்திறன் என்றதும் நினைவுக்கு வருவது நேர்முகத் தேர்வு, கைகுலுக்கல், புன்னகை, கொஞ்சம் ஆங்கிலம். இவை எதுவும் உப்பூரில் குறைவாக இருந்திருக்காது. ஒரு பெரிய திட்டத்தில் பொறியாளரின் வேலை பாதி கொதிகலன் என்றால் மீதிப் பாதி மனிதர்கள். அந்த மீதிப் பாதிக்குத் தேவையான திறன் என்ன, அது இருந்தால் எவ்வளவு மிச்சம், இல்லாவிட்டால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் பார்க்க இந்தக் கடற்கரையைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

2006 செப்டம்பரில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இத்தகைய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பை விதியாக்கியது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை வகிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியில் கிடைக்க வேண்டும். நடப்பதை வீடியோவில் பதிய வேண்டும். பேசியவற்றின் சுருக்கத்தைக் கூட்டம் கலையும் முன் அங்கேயே அந்த மொழியில் விளக்க வேண்டும். சட்டத்தால் இவ்வளவுதான் முடியும். வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் நீரோட்டம் எப்படி மாறுகிறது என்று ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் திரும்பக் கேட்கும்படி எந்த அறிவிக்கையும் உத்தரவிடாது. அது மேடையில் இருக்கும் பொறியாளருக்குத் தானாகத் தோன்ற வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டில் எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி அரிதாகத்தான் காதில் விழும். மேடை விளக்கம் சொல்லும், பந்தல் எதிர்ப்புச் சொல்லும், வீடியோ இரண்டையும் பதியும். எல்லாரும் பேசியிருப்பார்கள்.

பேச்சு ஒழுங்காக நடந்திருந்தால் உப்பூரில் புகைபோக்கி எழுந்திருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். அதில் வெந்நீர் கலப்பதையும் கட்டுமானம் நீட்டிக்கொண்டு நிற்பதையும் மீனவர் ஏற்காததற்கு அவர்கள் பக்கத்தில் வலுவான காரணங்கள் உண்டு. எந்தச் சொல்வன்மையாலும் அவற்றைக் கரைத்திருக்க முடியாது. ஒருவேளை திட்டம் முதல் ஆண்டிலேயே கைவிடப்பட்டிருக்கும். அதுவும் லாபம்தான். நிலம் எடுத்து, ஒப்பந்தம் போட்டு, இரும்பு இறக்கி, வேலை நடந்த பிறகு நிறுத்துவதற்கும் காகிதத்தில் இருக்கும்போதே இடம் மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் கோடிகளில் இருக்கும். எதிரே இருப்பவரைச் சம்மதிக்க வைப்பதுதான் தொடர்புத் திறன் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். தனக்குப் பிடிக்காத தகவலைச் சீக்கிரமாகப் பெறுவதில்தான் அந்தத் திறனின் பெரும்பங்கு விலை அடங்கியிருக்கிறது.

இதே கடற்கரையில் இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் நடந்திருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது எல்லாருக்கும் தெரியும். அதே இரவில் 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. நடுவிலிருந்த தூக்குப் பாலம் தப்பியது; 126 கர்டர்கள் கடலுக்குள் போயின. அப்போது இராமேசுவரம் தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது வந்தது 1988-இல். ரயில் இல்லையென்றால் தீவு துண்டிக்கப்பட்டதுதான். ரயில்வே வாரியம் மறுகட்டுமானத்துக்கு ஆறு மாதம் கெடு வைத்தது. தென்னக ரயில்வேயின் பொது மேலாளர் அதை மூன்று மாதமாக்கினார். பொறுப்பு ஓர் இளம் பொறியாளர் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 32. பெயர் ஈ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர்.

புதிய கர்டர்களைச் செய்து, நாட்டின் வேறு மூலைகளிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதற்கே மாதக்கணக்கில் ஆகும் என்ற நிலை. அந்த நேரத்தில்தான் மீனவர்களிடமிருந்து செய்தி வருகிறது: அடித்துப்போன கர்டர்கள் பாலத்திலிருந்து சில மைல் தள்ளிக் கடலடியில் கிடக்கின்றன. இந்தக் கரையில் மீன்பிடிப்பவருக்குக் கடலடி வீட்டு முற்றம் மாதிரி. எந்த இடத்தில் பாறைத்திட்டு, எந்த இடத்தில் சேறு, எங்கே வலை மாட்டிக் கிழியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வலை கிழிந்தால் அன்றைய வருமானம் போச்சு. புயலுக்கு முன் இல்லாத ஒன்று புயலுக்குப் பின் அடியில் கிடந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

சொன்னவர்கள் யார்? ரயில்வேயின் படிநிலையில் எங்கும் இல்லாதவர்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாதவர்கள். கடலில் ஊறிய இரும்பு பாலத்துக்கு உதவுமா என்று சிரித்துவிட்டுப் போயிருந்தால் யாரும் அந்தப் பொறியாளரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதை நம்பினார், போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தார், எடுத்துப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தார். கர்டர்களை நீரிலிருந்து தூக்கிக் கரைசேர்க்க மலபார்க் கரையிலிருந்து பாரம் தூக்கும் தொழிலாளர்களான கலாசிகள் வந்தார்கள். கப்பியும் கயிறும் உடல்பலமும் ஒரே தாளத்தில் சேர வேண்டிய வேலை அது. வேறு மொழி, வேறு பழக்கம் கொண்ட அந்தக் குழுவையும் உள்ளூர் மீனவரையும் ரயில்வே பொறியாளர்களையும் ஒரே கடலில் வேலை வாங்கியாக வேண்டியிருந்தது. பாலம் 46 நாளில் எழுந்தது. ரயில்வே அமைச்சரின் விருதாக ஸ்ரீதரனுக்கு 1,000 ரூபாய் கிடைத்தது.

இந்தக் கதையை ஸ்ரீதரனின் தொழில்நுட்பத் திறனுக்குச் சான்றாகவே வழக்கமாகச் சொல்வார்கள். தொழில்நுட்பம் இல்லாமல் 46 நாள் சாத்தியமில்லை, உண்மை. ஆனால் அந்தத் திறன் அன்று ரயில்வேயில் இன்னும் சிலரிடமும் இருந்திருக்கும். மீனவர் சொன்னதைத் தகவலாக எடுத்துக்கொண்டதுதான் மூன்று மாதக் கெடுவைப் பாதியாக்கியது. 1990-களில் கொங்கண் ரயில்வேக்கு நிலம் எடுத்தபோதும் இதே கை தெரிகிறது. 40,000-க்கும் மேற்பட்ட உரிமையாளர்களிடம் நிலம் வாங்க வேண்டியிருந்தது. நோட்டீஸ் அனுப்பிவிட்டு நீதிமன்றத்தில் காத்திருக்காமல் அதிகாரிகள் நேரில் போய்ப் பேசினார்கள். ஏறத்தாழ ஓராண்டில் அந்த வேலை முடிந்தது. இந்தியாவில் நிலம் எடுத்த அனுபவம் உள்ள எவரும் இந்த வாக்கியத்தை இரண்டு முறை வாசிப்பார்கள்.

மென்திறன் என்ற வகைப்பாடே ராணுவத்திலிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரைப்படை தன் பயிற்சிகளை ஒழுங்குபடுத்தியபோது, இயந்திரத்தைக் கையாளும் வேலைகளுக்குத் தெளிவான பாடத்திட்டம் எழுத முடிந்தது. ஆட்களை வழிநடத்துவது, விசாரிப்பது, அறிவுரை சொல்வது போன்றவற்றுக்கு எழுத முடியவில்லை. இந்தச் சிக்கலைப் பேச 1972-இல் ஒரு மாநாடே கூட்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் சிக்கல் அப்படியே இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் சந்தை மட்டும் மாறிவிட்டது. பொருளியல் அறிஞர் டேவிட் டெமிங் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980-க்கும் 2012-க்கும் இடையில் அமெரிக்காவில் மனிதர்களோடு அதிகம் புழங்கவேண்டிய வேலைகளின் பங்கு ஏறத்தாழ 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. கணிதம் நிறையவும் பழகும் தேவை குறைவாகவும் உள்ள வேலைகளின் பங்கு மூன்று புள்ளிக்கு மேல் சரிந்தது. கணக்கு மட்டும் தெரிந்தவரின் வேலையைக் கணினி எடுத்துக்கொள்கிறது, கணக்கும் தெரிந்து நாலு பேரோடு ஒத்துப்போகத் தெரிந்தவருக்குக் கிராக்கி கூடுகிறது.

தமிழ்நாட்டில் இதை அரசே கையிலெடுத்திருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில்திறனோடு பேச்சுத் திறனையும் கற்றுத்தருகிறது. இராமநாதபுரம் போன்ற மாவட்டத்துக்கு இது தேவை. வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே: விருதுநகரும் இராமநாதபுரமும். திருவாடானைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டம் முடித்து வெளியேறும் முதல் தலைமுறைப் பெண்ணுக்கு, சென்னை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லித்தருவது பேருதவி. அதை ஏளனம் செய்வது, அந்தக் கதவை ஏற்கெனவே தாண்டியவர்களுக்கு மட்டுமே எளிது.

ஆனாலும் ஒரு குறை. பயிற்சி என்ற பெயரில் நாடெங்கும் விற்பனையாவது பெரும்பாலும் பேசும் கலைதான். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, குழு விவாதம், விளக்கவுரை, தன்விவரக் குறிப்பு. பேச்சை ஒரு மணி நேரத்தில் தேர்வு வைத்து மதிப்பெண் போட்டுவிடலாம் என்பது ஒரு காரணம். ஒருவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறார் என்பதற்கு மதிப்பெண் போட ஆறு மாதம் அவரோடு வேலை பார்க்க வேண்டும். ஆங்கிலம் பேசினால் தன்னம்பிக்கை உள்ளவர், தமிழில் தயங்கிப் பேசினால் ஆளுமை போதாதவர் என்ற அபத்தமும் இந்த வகுப்புகளில்தான் முளைக்கிறது. கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போய்க் கடையில் நின்று, அரபும் இந்தியும் மலையாளமும் வாடிக்கையாளரிடமிருந்தே கற்றுக்கொண்ட தலைமுறைக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. அவர்கள் காதால்தான் கற்றார்கள்.

இதெல்லாம் கதை, கணக்கு எங்கே என்று கேட்பவருக்குப் பெங்களூரில் பதில் இருக்கிறது.

ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நாட்டின் மிகப்பெரிய ஆயத்த ஆடை நிறுவனங்களில் ஒன்று. அதன் பெங்களூர்த் தொழிற்சாலைகளில் தையல் வேலை பார்க்கும் பெண்களுக்கு, ‘கேப்’ ஆடை நிறுவனம் வடிவமைத்த ‘பேஸ்’ என்ற பயிற்சியை வைத்து ஆய்வாளர்கள் அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் மூவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். பயிற்சியில் சேர விரும்பியவர்கள் இடங்களைவிட அதிகம். எனவே குலுக்கல் முறையில் சிலருக்கு இடம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. இரு தரப்பும் ஒரே மாதிரியான பெண்கள், ஒரே மாதிரியான இயந்திரங்கள். வாரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம், ஏறத்தாழ ஓராண்டு. பாடம்? எப்படிப் பேசுவது, சிக்கலை எப்படி அவிழ்ப்பது, நேரத்தையும் மன அழுத்தத்தையும் எப்படிச் சமாளிப்பது. ஊசியில் நூல் கோப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

விளைவு தைத்த துணியில் தெரிந்தது. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் மற்றவர்களைவிட 13 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. அவர்கள் கூடுதல் தொழிற்பயிற்சி வேண்டும் என்று தாங்களாகவே கேட்டார்கள், கடினமான வேலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். பயிற்சி முடிந்து எட்டு மாதத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்த நிகர ஆதாயம் போட்ட முதலில் 250 சதவீதத்துக்கு மேல். 2023-இல் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’ இதழில் கட்டுரை வெளியானது. மென்திறன் என்பது மேலாளர்களின் அலங்காரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

அந்தப் பெண்களின் கூலி எவ்வளவு கூடியது? அரை சதவீதம்.

பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத்தில் முதல் எண் பளிச்சென்று வரும், இரண்டாவது வராது. உற்பத்தியின் உயர்வு ஒருவரிடமிருந்து வருகிறது, அதன் பலன் வேறொருவரிடம் போய்ச் சேருகிறது. தையல் சான்றிதழைக் காட்டி அடுத்த தொழிற்சாலையில் கூடுதலாகக் கேட்கலாம். சண்டை மூளாமல் வரிசையை ஓடவைக்கும் திறனுக்கு என்ன சான்றிதழைக் காட்டுவது? பாக் விரிகுடாவில் ஓடும் நாட்டுப்படகின் ஏற்பாடு இந்த விஷயத்தில் நியாயமானது. எண்ணெய்ச் செலவும் மற்றச் செலவும் போக மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. விகிதம் ஊருக்கு ஊர் மாறும், கொள்கை மாறாது. ஓட்டிக்கும் ஆட்களுக்கும் ஒத்துப்போய், வலை சிக்காமல் ஏறி, மீன் நசுங்காமல் கரை வந்தால் அந்த ஒற்றுமையின் விலை அன்று மாலையே பங்கில் தெரிந்துவிடும். எரிந்து விழும் ஓட்டியின் படகில் ஆள் நிற்க மாட்டார்கள். அவருக்கு மென்திறன் வகுப்பு எடுக்க ஆள் தேவையில்லை, காலியான படகே எடுத்துவிடும். மாதச் சம்பளப் பணியிடத்தில் இந்தத் தண்டனை மெதுவாக வருகிறது. பல இடங்களில் வருவதே இல்லை.

கேட்பதற்கு மட்டும் தனியாக விலை உண்டா என்பதையும் அளந்திருக்கிறார்கள். அத்வர்யுவும் நிஷாதமும் இன்னொரு சக ஆய்வாளரோடு சேர்ந்து இந்திய ஆடைத் தொழிலாளர்களிடம் நடத்திய வேறொரு சோதனை அது. ஆண்டு ஊதிய உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்து எல்லாரும் கசந்திருந்த நேரம். குலுக்கலில் தேர்ந்தெடுத்த சிலரிடம் மட்டும், வேலையைப் பற்றியும் மேற்பார்வையாளரைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பெயர் சொல்லாமல் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். கூலியில் ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. கருத்துக் கேட்கப்பட்டவர்கள் அடுத்துவந்த மாதங்களில் வேலையை விட்டுப் போவது மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஏமாற்றம் அதிகமாக இருந்தவர்களிடம்தான் விளைவும் பெரிது.

நிர்வாகிகள் இந்த முடிவை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. கூலிக்குப் பதிலாகக் கருத்துப் பெட்டி! அப்படிச் செய்தால் அது ஒரு முறைதான் பலிக்கும். கேட்ட பிறகு ஒன்றும் நடக்காது என்று தெரிந்துவிட்டால் அடுத்த தாள் வெறுமையாகத் திரும்பும். இந்தியப் பணியிடங்களில் கீழே இருப்பவர் வாய் திறக்காததைத் திறமைக்குறைவு என்று எழுதிவைப்பது வழக்கம். பல நேரங்களில் அது அனுபவத்தில் கற்ற விவேகம். வாயைத் திறந்தவருக்கு என்ன ஆயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். சாதியும் வயதும் பதவியும் சேர்ந்து அழுத்தும் இடத்தில் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது எப்போதும் மெய்யாவதில்லை. பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்படுபவர் கடைநிலை ஊழியர், திருந்த வேண்டியவர் பெரும்பாலும் அவருடைய மேலாளர்.

மேலாளர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இராமேசுவரத்துக்காரர் ஒருவரின் வாழ்க்கையில் உதாரணம் இருக்கிறது. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்டு வங்கக் கடலில் விழுந்தது. ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கணினி நிறுத்தச் சொன்னது, கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. உடனிருந்த வல்லுநர்கள் பரவாயில்லை என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கி ஏவ முடிவெடுத்தார். இதைப் பின்னாளில் அவரே பல மேடைகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தோல்விக்குப் பின் பத்திரிகையாளர்களைச் சந்தித்தது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். பொறுப்பைத் தாமே ஏற்றார். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றி பெற்றபோது கலாமைப் பேச அனுப்பினார். பள்ளி மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான். தலைமைப் பண்புக்கு உதாரணமாக மட்டும் சொல்வதால் அதன் நடைமுறைப் பலன் மறைந்துவிடுகிறது. தோற்றவன் தலை உருளாது என்று தெரிந்த ஓர் அமைப்பில்தான், கசிவைப் பார்த்தவர் அடுத்த முறை உரக்கச் சொல்வார். தவன் அன்று காப்பாற்றியது கலாமின் மானத்தை மட்டுமல்ல; இஸ்ரோவுக்குள் தகவல் கீழிருந்து மேலே ஏறும் பாதையையும்தான்.

வகுப்பில் கற்காமலே இந்தத் திறன் முழுதாகக் கைவந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள சின்னப்பாலத்துக்குப் போக வேண்டும். அங்கும் மன்னார் வளைகுடா ஓரத்து மற்றக் கிராமங்களிலும் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறை இடுக்கிலிருந்து பாசியைப் பிய்த்து, மேலே வந்து பையில் போட்டு, மறுபடி முங்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலை; கட்டக்கோரைக்குக் குறைவு.

வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கட்டுப்பாடுகள் பின்னாளில் இறுகியபோது, காலங்காலமாகப் பாசி எடுத்த இடத்தில் இந்தப் பெண்கள் திடீரென்று அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பிடிபட்டார்கள், படகு பறிபோனது. அவர்கள் செய்தது என்ன? சங்கமாகக் கூடினார்கள். வனத்துறையின் கவலை என்ன என்று கேட்டார்கள். பவளப்பாறை சிதையக் கூடாது, பாசி திரும்ப வளர வேண்டும் என்பது அவர்களுக்கும் பொருந்தும் கவலைதான். பாசி அற்றுப்போனால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்கள். எனவே தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டு பேச்சுக்குப் போனார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. கோடையில் 45 நாள் முழு நிறுத்தம். பாறையைச் சுரண்ட இரும்புக் கருவி கிடையாது. அந்தப் பெண்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

எதிராளியின் கவலையைத் தன் கவலையாக மொழிபெயர்த்துக்கொள்வது, தன் பக்கத்திலிருந்து முதலில் விட்டுக்கொடுத்து நம்பிக்கை சம்பாதிப்பது, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே விதிக்குள் கட்டிவைப்பது. மேலாண்மைக் கல்லூரிகள் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு ஆண்டு கற்றுத்தருவது இதைத்தான். எழுதப் படிக்கத் தடுமாறுபவர்களும் அடங்கிய கூட்டம் இதைச் செய்தது. உப்பூர்த் திட்டத்தின் முதல் வரைபடம் வரையப்படும்போது இப்படிப்பட்ட நாலு பேர் மேசையில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அரசோடு பேசிப் பாசி எடுக்கும் நாளையும் இடத்தையும் பெற்ற அதே பெண்களால் விலையைப் பேச முடியவில்லை. காயவைத்த பாசி வியாபாரிக்குப் போகிறது, அவரிடமிருந்து மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்கும் மற்ற ஆலைகளுக்கும் போகிறது. வீட்டுச் செலவுக்கும் பிள்ளை படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அந்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். முன்பணம் வாங்கியவர் அடுத்த வியாபாரிக்குப் பாசி போட முடியாது. ஈரம் இருக்கிறது, மண் இருக்கிறது என்று கழிவு பிடிப்பதும் அவர்தான், கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்வதும் அவர்தான். எத்தனை நயமாகப் பேசினாலும், கடன் நோட்டு எதிரே விரிந்திருக்கும்போது அவர் சொன்னதுதான் விலை.